555 புத்தகமும் ‘பிறகு கட்டலாம்’ பொத்தானும்

நம் நாட்டில் 555 புத்தகத்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் குறிப்பேடு. அட்டையில் பெரிதாக 555 என்ற எண். அரிசி, மீன் டின், பால் டின், மண்ணெண்ணெய் எல்லாம் மளிகைக் கடையில் கடனாக வாங்கி, அந்தப் புத்தகத்தில் எழுதி வைத்து, சம்பள நாளில் தீர்ப்பார்கள். முழுதாகத் தீர்க்க முடியாத மாதத்தில் பாக்கி அடுத்த பக்கத்துக்குப் போகும்.

என் பாட்டி குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடையில் எவ்வளவு பாக்கி என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வாராம். கடைக்காரர் ஒரு டின் கூடுதலாக எழுதினால் அங்கேயே நின்று கேட்பாராம். கடன் என்பது அவருக்கு ஒரு முகம். காலையில் கோயிலுக்குப் போனால் அந்த முகம் எதிரில் வரும். மாலையில் திடலில் நிற்கும். பாக்கி கூடினால் கடைக்காரர் சாமான் கொடுக்கும்போதே கொஞ்சம் தயங்குவார். அந்தத் தயக்கமே போதும், அடுத்த வாரம் கை சுருங்கிவிடும்.

சென்ற பருவத்தில் ஒரு நாள் இரவு விடுதி அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தபோது, ‘இப்போதைக்கு வாங்கு, பிறகு கட்டு’ செயலிகளில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பேச்சு வந்தது. கைப்பேசியைத் திறக்காமல் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. திறந்து பார்த்தவர்களில் இருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். கணக்கியல் படிப்பவரும் அதில் ஒருவர். அதை இங்கே எழுதிக்கொள்ளலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார்.

பாட்டியைவிட நாங்கள் அதிகம் படித்தவர்கள். ஆனால் பாட்டிக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 555 புத்தகம் கடனைக் கண்ணில் காட்டியது. செயலி அதை மறைக்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தும்போது யாரும் தயங்குவதில்லை. ஒரு ‘டிங்’ சத்தம்தான் கேட்கிறது. 300 வெள்ளிக் காலணியின் விலை 100 வெள்ளி மாதிரித் தெரிகிறது. கியூஆர் குறியீட்டில் கட்டும்போது பணம் கையை விட்டுப் போகிற உணர்வே வருவதில்லை.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 1,800 வெள்ளிக்கு ஒரு கைப்பேசி. 12 மாதத் தவணை, மாதம் ‘1.5 விழுக்காடு மட்டுமே’ கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,800-க்கு 1.5 விழுக்காடு 27 வெள்ளி. பன்னிரண்டு மாதத்துக்கு 324. மொத்தம் 2,124 வெள்ளி, மாதம் 177. ஆண்டுக்கு 18 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். பத்தாவது மாதத்தில் உங்கள் கையில் இருக்கும் கடன் 500 வெள்ளிகூட இல்லை. கட்டணமோ இன்னும் 1,800-க்கே போடப்படுகிறது. அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நம் நாட்டில் கடன் அட்டைக்குப் போடும் உச்ச வட்டியே ஆண்டுக்கு 18 விழுக்காடுதான். சில தளங்கள் வட்டியே இல்லை என்கின்றன, அதுவும் உண்மைதான், தவணை தவறாத வரையில். 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பயனீட்டாளர் கடன் சட்டம் இத்தகைய நிறுவனங்களையும் கண்காணிப்பின் கீழ் கொண்டுவருகிறது. நல்லது. ஆனால் சட்டம் நிறுவனத்தைத்தான் கண்காணிக்கும். என் பாக்கி எவ்வளவு என்பதை எனக்கு அது நினைவூட்டாது.

ஒன்பதாவது வாரம்

பல்கலைக்கழக மாணவரின் பணம் மற்றவர் பணம்போல் வருவதில்லை. பிடிபிடிஎன் கடனுதவி பருவத் தொடக்கத்தில் ஒரே தொகையாக வந்து விழுகிறது. முதல் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. தீபாவளியும் பெரும்பாலும் அதே வேளையில்தான் வருகிறது. இதைவிடப் பொருத்தமில்லாத நேரத்தை யாரும் திட்டமிட்டுக்கூட அமைத்திருக்க முடியாது.

கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் போகக் கையில் 1,800 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாடவேளை, இடைவிடுமுறை, தேர்வு எல்லாம் சேர்த்து ஒரு பருவம் ஏறத்தாழ 18 வாரம். வாரத்துக்கு 100 வெள்ளி, நாளுக்கு 14 வெள்ளி சொச்சம். ஆனால் வங்கிச் செயலியைத் திறந்தால் 14 தெரிவதில்லை, 1,800 தெரிகிறது. அது நமக்கு மாணவர் என்பதையே மறக்கச் செய்கிறது.

இந்த இடத்தில் வழக்கமான கட்டுரைகள் பபிள் டீ குடிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லும். அந்த அறிவுரை எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் வகுப்பு நண்பர் ஒருவரின் கதை அதற்குள் அடங்காது.

அவர் சிகாமட் பக்கம். அப்பா லோரி ஓட்டுநர். வீட்டில் இவருக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் படிக்கிறார்கள். கடனுதவி வந்த மறுநாளே அப்பாவின் வண்டித் தவணைக்கு 700 வெள்ளி அனுப்பிவிட்டார். தங்கைக்குத் தீபாவளிச் சட்டை இவர் செலவு. அவர் எந்தப் பகட்டுக்கும் செலவழிக்கவில்லை. கைப்பேசியின் கண்ணாடிகூட உடைந்ததுதான். ஒன்பதாவது வாரத்தில் காலையில் ஒரு மேகி மீ, இரவில் ஒரு மேகி மீ என்று ஓட்டிக்கொண்டிருந்தார். மதியம் நாங்கள் சாப்பிடக் கூப்பிட்டால் ‘வயிறு சரியில்லை’ என்பார். ஆய்வுக்கூடத்தில் தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் அறைத்தோழருக்கு விஷயம் புரிந்தது.

வீட்டுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தினோம். அவர் அம்மா தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏன்யா மொதல்லயே சொல்லல? அப்பா வேற எங்கயாச்சும் பொரட்டியிருப்பாருல்ல?”

அந்த வீட்டில் அன்புக்குக் குறை இல்லை. இல்லாதது ஒரு எண். அம்மாவுக்கு மகன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. மகனுக்கு அப்பாவின் பாக்கி எவ்வளவு என்று தெரியாது. நம் வீடுகளில் பணத்தைப் பற்றிப் பேசுவது ஒன்று சண்டையாகும், அல்லது அவமானமாகும். இரண்டும் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று பெற்றோர் மறைக்கிறார்கள். பெற்றோர் வருந்துவார்கள் என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள். திருமணம், காதுகுத்து, இருபத்தோராவது பிறந்தநாள் என்று மண்டபம் எடுக்கும்போது மட்டும் எண்கள் தாராளமாக வெளியே வருகின்றன.

பல பல்கலைக்கழகங்களில் மாணவர் உணவு வங்கி உண்டு. அரிசி, மீ, டின் உணவு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் நண்பருக்கு அது இருப்பது தெரியும். ‘யாராவது பார்த்தால்?’ என்றுதான் போகாமல் இருந்திருக்கிறார். அலமாரியில் டின்கள் அடுக்கியிருக்க, அறையில் ஒருவர் பட்டினி கிடந்தார். கைச்செலவைக் குறைப்பதைவிட இந்தக் கூச்சத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

ஜொகூரில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வேறு மாநில நண்பர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம். ஜொகூர் பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. 1967-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நாணயம் வெளியிடத் தொடங்கிய பிறகும், இரண்டு வெள்ளிக்கும் ஒரே மதிப்பு. அங்குள்ளது இங்கே செல்லும், இங்குள்ளது அங்கே செல்லும். 1973 மே மாதத்தில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று வெள்ளிக்கு மேல் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இதனால் ஜொகூர் பாருவில் விலை என்பது ஒரு விசித்திரமான பொருள். வார இறுதியில் பேரங்காடிக்குப் போனால், அங்கே உள்ள பல கடைகள் யாருடைய பணப்பையைப் பார்த்து விலை போட்டிருக்கின்றன என்பது கண்கூடு. ஒரு கோப்பை காப்பி 16 வெள்ளி. பக்கத்தில் நிற்பவருக்கு அது ஐந்து வெள்ளி மாதிரி. நமக்கு அது ஒரு நாள் சாப்பாடு. ஆனால் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். மற்றவர் பையை அளவுகோலாக வைத்து நம் செலவை அளந்துகொள்ளும் பழக்கம் இங்கே சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்கிறது.

படித்து முடித்ததும் பாலத்தைத் தாண்டுவதுதான் எங்களில் பலரின் திட்டம். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பும் அண்ணன்மார்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அங்கே 2,000 வெள்ளி சம்பளம் என்றால் இங்கே 6,000-க்கு மேல். அதைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை; பல வீடுகளின் கூரை அந்தப் பணத்தில் போட்டது.

ஆனால் யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இங்கே 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்பவருக்கும் ஊழியர் சேமநிதி உண்டு. அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. மாதம் 408 வெள்ளி அவர் கேட்காமலே போய்ச் சேர்கிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் மலேசியருக்கு அங்குள்ள மத்திய சேமநிதி கிடையாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். இங்குள்ள சேமநிதியிலும் அவர் பெயரில் எதுவும் விழாது. பத்து ஆண்டு ஓடி ஓடிச் சம்பாதித்தவரின் சேமநிதிக் கணக்கு, பகுதி நேரமாகக் கடையில் நின்ற நாள்களோடு நின்றுபோயிருக்கும். நம் ஊழியர் சேமநிதி வாரியத்தில் சுயமாகப் பணம் கட்ட வழி உண்டு. கைப்பேசியிலேயே கட்டலாம். அங்கே போகத் திட்டமிடும் நண்பர்கள் முதல் சம்பளத்துக்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் சம்பளத்துக்குப் பிறகு கேட்க நேரம் இருக்காது. மோட்டார் சைக்கிள் தவணை வந்துவிடும்.

பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

நம் சமுதாயத்துக்குச் சேமிக்கத் தெரியாது என்று பெரியவர்கள் சிலர் மேடையில் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் ஏடுகள் அதை எழுதின. தோட்டம் துண்டாடப்பட்டால் தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போய்விடும். லயத்து வீடு அவருடையது இல்லையே. அந்த நெருக்கடியில்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். கூலிக்கு மரம் வெட்டியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

இதில் என்னைக் கவர்வது ஒன்று. பத்து வெள்ளி கட்டிய அதே வீட்டில் 555 புத்தகமும் இருந்திருக்கும். கடன் தீர்ந்த பிறகு சேமிக்கலாம் என்று அவர்கள் காத்திருந்தால் ஒரு காணிகூட வாங்கியிருக்க முடியாது. மனவுறுதி மிகுந்த அபூர்வ மனிதர்களும் அல்ல அவர்கள். எதற்காகக் கட்டுகிறோம் என்பது தெளிவாக இருந்தது: இந்த வீட்டை விட்டுப் போகாமல் இருக்க. பக்கத்து வீட்டுக்காரரும் கட்டினார். கேட்க ஒருவர் நேரில் வந்தார். எங்கள் கைப்பேசியில் உள்ள சேமிப்புச் செயலியில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

சேர்த்தால் மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது நம் மக்கள் போட்ட பணம் ஏறத்தாழ 106 மில்லியன் வெள்ளி. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களைப் பற்றி இன்றும் வீடுகளில் பேசுகிறார்கள். எதிர்பார்த்த லாபம் வரவில்லை. 2010-இல் வேறொரு நிறுவனம் முன்வந்து பங்குக்கு 80 காசு கொடுத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு முன் போட்ட ஒரு வெள்ளிக்கு 80 காசு. இடையில் விலைவாசி எங்கே போனது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காயத்தினால்தான் பல வீடுகளில் இன்றும் தங்கத்தைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. அந்தத் தங்கம் அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போகிறது. மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத் தவணை. மீட்காமல் போன சங்கிலிகள் எத்தனை என்று அம்மாக்களிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு பக்கம் இருக்க, என் வயதினர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். டெலிகிராமில் முகம் தெரியாத ஒருவர் மாதம் 20 விழுக்காடு தருகிறேன் என்றால் 500 வெள்ளியைத் தட்டிவிடுகிறார்கள். பேங்க் நெகாரா நிதிப் பயனீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது; பங்குப் பத்திர ஆணையத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. பணம் அனுப்புவதற்கு முன் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். பட்டியலில் இல்லை என்பதாலேயே அது நல்ல திட்டம் ஆகிவிடாது, ஆனால் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. வங்கியில் போடும் பணத்துக்கு 250,000 வெள்ளி வரை பிடாம் காப்புறுதி இருக்கிறது. டெலிகிராமுக்கு இல்லை.

கூட்டு கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தைமார்களும் சித்திமார்களும் மாதம் நூறு, இருநூறு என்று கட்டி, முறைவைத்து எடுக்கும் சீட்டுத்தான் அது. நம் தமிழ்ச் சொல்தான் மலாயில் கூத்து ஆகி, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலும் ஏறியிருக்கிறது. கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் அது. பணத்தோடு ஓடிப்போனவர்களால் வந்த சட்டத்தில் நம் சொல் நிலைத்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அத்தைமார்கள் ஏன் அதை விடமாட்டேன் என்கிறார்கள் என்பதும் புரிகிறது. மாதா மாதம் யாரோ ஒருவர் கதவைத் தட்டுகிறார்.

எங்கள் விடுதியில் ஐந்து பேர் இந்தப் பருவம் ஒன்று செய்து பார்த்தோம். கடனுதவிப் பணத்தை அட்டையே இல்லாத ஒரு கணக்கில் போட்டுவிட்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் 100 வெள்ளியை மட்டும் அன்றாடக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது. செயலியைத் திறந்தால் இப்போது 100 தெரிகிறது, 1,800 தெரிவதில்லை. தவணை முறையில் எதையாவது வாங்கத் தோன்றினால், மொத்த விலையை வாயால் சொல்லிவிட்டு மற்ற நால்வருக்கு முன்னால் வாங்கவேண்டும். ‘மாதம் 60 தான்’ என்று சொல்லக்கூடாது, ‘720’ என்று சொல்லவேண்டும். இது கேலிக்காகத் தொடங்கிய விதி. ஆனால் இதுவரை மூன்று காலணிகளும் ஒரு காதணிபாடும் கடையிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இரவு யாரிடம் எவ்வளவு மிச்சம் என்று உரக்கச் சொல்லிக்கொள்கிறோம். முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு மாமாக் கடையில் யார் காசு கொடுப்பது என்பதை முடிவுசெய்ய அதுவே வசதியாகிவிட்டது.

சிகாமட் நண்பரும் எங்களில் ஒருவர். வீட்டுக்கு அவர் இப்போதும் பணம் அனுப்புகிறார். ஆனால் பருவத்துக்கு 300 வெள்ளி என்று அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிட்டார். அப்பாவின் வண்டிக் கடனைப் பற்றி ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை முகமையிடம் கேட்கலாம் என்று வீட்டில் சொன்னதும் அவர்தான். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. ஜொகூர் பாருவிலும் கிளை உண்டு. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. அப்பா முதலில் ‘நம்ம கடனை ஊருக்குச் சொல்லணுமா?’ என்றாராம். பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு நாங்கள் ஐவரும் ஜாலான் உங்கு புவானுக்குப் போனோம். ஆளுக்கு 150 வெள்ளி, காகித உறையில் ரொக்கமாக. கடைத்தெரு முழுக்கப் பாட்டும் முறுக்கு வாசனையும். நண்பர் தங்கைக்குச் சட்டை தேடி நாலு கடை ஏறி இறங்கினார். முதல் கடையில் 130 சொன்னார்கள். நாலாவது கடை அக்காவிடம், “என்கிட்ட 85 தான்க்கா இருக்கு” என்று உறையைத் திறந்தே காட்டிவிட்டார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய் நீல நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தார். 80 வெள்ளி. மிச்சக் காசில் எங்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.